சிவப்பனின் நடை

மாட்டுச் சந்தையில் மற்றவர்கள் கன்றின் முதுகையும் இடுப்பையும் பார்ப்பார்கள். நானும் மச்சானும் காதைப் பார்ப்போம். சிட்னிக்கு வடமேற்கே ஹோக்ஸ்பரி ஆற்றுப் பக்கத்துச் சந்தைகளுக்கு ஐந்தாறு வருடம் போய்வந்ததில், அங்கிருந்த தரகர் ஒருவர் எங்களுக்குக் 'காது டாக்டர்மார்' என்று பெயர் வைத்துவிட்டார். நாங்கள் வேலியோரம் வந்து நின்றால், "இன்றைக்கு நோயாளிகள் குறைவு" என்று ஆங்கிலத்தில் சத்தம் போடுவார்.

நாங்கள் வளர்த்தது ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பானுக்கு. இங்கே பல பண்ணைகளில், கன்று யாருடையது என்று தெரிவதற்காகக் காதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவில் காதில் ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மாடு குர்பானுக்கு ஆகாது. இலக்கத் தகடு மாட்டும் துளை பரவாயில்லை, துண்டு போகக்கூடாது. மாட்டுக்கு இரண்டு வயதும் முடிந்திருக்க வேண்டும். இரண்டு வயதான, காது முழுதாக உள்ள மாட்டைச் சந்தையில் தேடிப் பிடிப்பது சுலபமல்ல. ஆகவே காது வெட்டப்படாத பால்மறந்த கன்றுகளை எட்டு மாதத்தில் வாங்கி, மீதிக் காலத்தை நாங்களே வளர்த்து முடித்தோம்.

எங்கள் இருவருக்கும் மாடு புதிது. என் வாப்பா இலங்கையில் துணிக்கடை வைத்திருந்தவர். நான் டூங்கபியில் குடியிருந்து, வெஸ்ட்மீடில் உள்ள ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை பார்த்தேன். மச்சான் என் தங்கையின் கணவர், டயர் கடையில் வேலை. ரிச்மண்டுக்கு அப்பால் ஒரு மால்ட்டாக்காரரின் முப்பது ஏக்கர் புல்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். நடுவில் ஒரு சிறு குளம், ஒரு தகரக் கொட்டில், பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்காக வெட்டிச் செய்த தொட்டிகள். கொட்டில் கதவின் உட்பக்கம் நூலில் கட்டிய ஒரு கொப்பியைத் தொங்கவிட்டிருந்தேன். தீனியின் நிறை, தண்ணீர் மட்டம், சாணத்தின் தன்மை எல்லாம் அதில் எழுதினேன். மச்சான் அதில் எழுதுவதில்லை. "நீதான் எழுதுறியே, பிறகு நான் ஏன்?" என்பான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மழை இல்லை. கிக்கூயு புல் கணுக்கால் உயரத்தைத் தாண்டாமல் பழுப்பாகவே கிடந்தது. அந்த வருடம் எங்களிடம் நாலு காயடித்த கன்றுகள் இருந்தன. மூன்று கறுப்பு. ஒன்று சிவப்பு, முகம் மட்டும் வெள்ளை. அதைச் சிவப்பன் என்றோம். ஒரு மாட்டுக்கு ஏழு பங்கு; நாலுக்கும் இருபத்தெட்டுப் பங்குகள். அதில் எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இருவருக்குமாக என் வீட்டுக்கு நாலு, மச்சான் வீட்டுக்கு மூன்று. மீதி எங்களை நம்பிப் பெயர் கொடுத்த குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்களில் என் வைத்தியசாலையில் துப்புரவுப் பகுதியில் வேலை செய்த ஒரு பெண்ணும் இருந்தார். தமிழ்நாட்டின் தென்கரை ஊர்க்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் நான் அவருக்குக் காக்கா. கணவர் இருந்தவரை குர்பான் கணவர் பெயரில் கொடுக்கப்பட்டது. அவர் இறந்து மூன்று வருடமாக எதுவும் கொடுக்கவில்லை. இந்த வருடம் தன் சம்பளத்தில், தன் பெயரில், முதல் தடவையாகக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மாட்டைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நோன்புக்கு இரண்டு கிழமை முன்னர் அவரைக் கூட்டிப் போனோம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல எது என்னது, காக்கா?"

"இன்னும் பிரிக்கேல்ல. உங்களுக்கு எது விருப்பம்?"

"அந்த வெள்ள மூஞ்சிக்காரன். என்னையே மொறச்சிப் பார்க்குறான்."

மச்சான் சிரித்தான். "அவன் உங்களைப் பாக்கேல்ல, தங்கச்சி. உங்கட கையில இருக்கிற பையைப் பாக்கிறான். அவனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பில்ல."

"அப்ப எங்க வீட்டு ஆளுதான்" என்றார் அவர்.

அன்று மாலை கொப்பியில் சிவப்பனுக்கு நேரே அவர் பெயரை முதலாவதாகவும் மற்ற ஆறு குடும்பங்களின் பெயர்களைக் கீழேயும் எழுதினேன். எங்கள் இரண்டு வீட்டின் ஏழு பங்குகளையும் கறுப்புகளில் பெரியதற்குக் குறித்தேன்.

புல் போதாததால் குதிரைமசால் என்கிற லூசர்ன் வைக்கோலுடன் நசுக்கிய பார்லியும் கொடுத்து வந்தோம். பார்லியைப் பழக்கப்படுத்துவது மெதுவான வேலை; திடீரென்று கூடினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். முதல் நாள் தலைக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. பிறகு நாலு நாளுக்கொருமுறை கொஞ்சம் கூட்டி, ஐந்து கிழமையில் ஒரு நேரத்துக்குத் தலைக்கு இரண்டு கிலோ, நாலுக்கும் எட்டுக் கிலோ என்ற அளவுக்கு வந்தோம். காலை நேரம் என்னுடையது. வேலைக்குப் போகும் முன் போட்டுவிட்டு வருவேன். மாலை மச்சானுடையது.

நோன்பு தொடங்கியும் இந்த முறையை மாற்றவில்லை. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, சுபஹ் தொழுதுவிட்டு நேரே காரில் ஏறுவேன். நோன்பின் நடுப்பகுதியில் ஒரு காலை எட்டுக் கிலோவை நிறுத்துத் தொட்டிகளில் கொட்டினேன். தொட்டிகள் வழக்கம்போல நக்கித் துடைத்தாற்போல் இருந்தன. கறுப்புகள் மூன்றும் வந்தன. எப்போதும் மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் நிற்கும் சிவப்பன் அன்று கடைசியாக வந்தது. வந்து தின்றது. 'சிவப்பன் பிந்தி வந்தது' என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை வேலை முடியும் நேரம் மச்சான் தொலைபேசியில் அழைத்தான்.

"மச்சான், சிவப்பன் குளத்துக்குப் பக்கத்தில படுத்திட்டான். எழும்புறானில்ல. சாணம் சாம்பல் நிறத்தில கூழ் மாதிரிப் போகுது, புளிச்ச மணம். நீ விடிய ஏதும் குடுத்தியா?"

"ஓம். எட்டுக் கிலோ. வழக்கமாக் குடுக்கிறது."



"நான் நேத்துப் பின்னேரமே ரெண்டு நேரத்துக்கும் சேத்துப் போட்டுட்டன்."

"ஏன்?"

"நீ நோன்பு பிடிச்சுக்கொண்டு விடியக்காலையில ஓடி ஓடி வாறாய். ஒரு நாளாவது சஹருக்குப் பிறகு படுக்கட்டும் எண்டுதான்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொல்லத்தான் போனை எடுத்தனான். நோன்பு திறக்கிற நேரமாப் போச்சு. பிறகு கஞ்சி, பிறகு தராவீஹ் தொழுகை. மறந்திட்டன், மச்சான்."

பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருபத்துநாலு கிலோ பார்லி உள்ளே போயிருந்தது. நாலும் சமமாகத் தின்றிருந்தால் வயிற்றோட்டத்தோடு முடிந்திருக்கலாம். சிவப்பன் சமமாகத் தின்பதில்லை.

அந்தப் பகுதிக் கால்நடை வைத்தியர், ஒரு இளம் பெண், இருட்டுமுன் வந்து சேர்ந்தார். வாய்க்குள் குழாய் விட்டுச் சோடாக் கரைசல் ஊற்றினார். ஊசி இரண்டு போட்டார். எந்த மருந்துக்கு எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு அனுப்பலாம் என்று எழுதித் தந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அந்த நாட்கள் கழிந்துவிடும். பிழைத்துக்கொள்ளும் என்றார். "ஆனால் வயிற்றில் நடந்தது குளம்பில் தெரிய வரும். இரண்டு மூன்று கிழமை பொறுத்துப் பாருங்கள்." நானும் மச்சானும் வாளியிலிருந்த தண்ணீரால் நோன்பு திறந்தோம். அன்றைக்கு மச்சான் தராவீஹுக்குப் போகவில்லை.

குளம்பில் தெரிய வந்தது. எழும்பி நடக்கத் தொடங்கிய சிவப்பன், சுடுமணலில் கால் வைப்பதுபோல் ஒவ்வொரு காலையும் யோசித்து வைத்தது. வெளிப்படையாக நொண்டும் மாடு குர்பானுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். எது வெளிப்படை என்பது தெரியாது. பள்ளிவாசல் மௌலவியைக் கேட்டேன்.

"மேய்ச்சலுக்குப் போகேக்க மற்ற மாடுகள் அதை முந்திப் போகுதா எண்டு பாருங்கோ. அது பின்தங்கினா ஆகாது. பெருநாளுக்குள்ள சுகமாகிச் சேர்ந்து போனா ஆகும்."

"எத்தனை அடி பின்தங்கினா?"

"ஏன், அடிமட்டத்தோடயா வயலுக்குப் போகப் போறீங்கள்?" என்று சிரித்தார்.

அடிமட்டம் கொண்டு போகவில்லை, கைக்கடிகாரம் கொண்டு போனேன். காலையில் மாடுகள் குளத்தடியில் நிற்கும். அங்கிருந்து தொட்டி வரை நூற்று நாற்பது காலடி. பார்லியை எல்லாவற்றுக்கும் நிறுத்திவிட்டோம். நறுக்கிய லூசர்ன் இரண்டு பிடியை வாளியில் போட்டுக் குலுக்கி அழைப்பேன். முதலாவது கறுப்பு வந்து சேரும் நேரத்தையும் சிவப்பன் வந்து சேரும் நேரத்தையும் எழுதுவேன். தொடக்கத்தில் கறுப்புகளுக்கு இரண்டு நிமிடம், சிவப்பனுக்கு ஆறு. மூன்றாம் கிழமை நாலரை. நோன்புப் பெருநாள் வந்து போனது. ஆறாம் கிழமை சிவப்பன் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக வந்தது. ஏழாம் கிழமை கடைசியில் தொடர்ந்து ஐந்து காலைகள் கறுப்புகளோடு சேர்ந்தே வந்தது. 'தேறியது' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வைத்தியசாலையில் அந்தப் பெண் நாளுக்கொருமுறை வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பகுதி வாசலுக்கு வருவார். "வெள்ள மூஞ்சிக்காரன் எப்படி இருக்கான், காக்கா?" மாட்டுக்குச் சுகமில்லை என்று முதலில் சொல்லியிருந்தேன். யாரால் சுகமில்லாமல் போனது என்று சொல்லவில்லை. இப்போது தேறிவிட்டது என்றேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்.

பெருநாளுக்கு அப்போது நாலு கிழமை இருந்தது. தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வந்தார். இரண்டும் ஈக்கு அஞ்சி காரை விட்டு இறங்கவில்லை. இறங்கச் சொன்னபோதெல்லாம் ஆங்கிலத்தில் மறுத்தன. நான் வாளியைக் குலுக்கினேன். சிவப்பன் இரண்டாவதாக வந்து தொட்டியில் தலையை விட்டது. நான் கடிகாரத்தைக் காட்டினேன். கொப்பியின் பக்கங்களையும் காட்டினேன். அவர் பக்கங்களை ஒன்றும் விடாமல் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் வாளியைக் காட்டித்தான் கூப்பிடுறீங்களா?"

"ஓம்."

"வாளியைப் பார்த்தா கால் ஒடிஞ்சிருந்தாலும் இவன் ஓடி வருவான், காக்கா. வாளி இல்லாம நடக்கச் சொல்லுங்க."

மச்சான் என்னைப் பார்த்தான். மேய்ச்சலுக்குப் போகும்போது என்றுதான் மௌலவி சொல்லியிருந்தார். வாளியைக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டினோம். நாங்கள் எல்லாரும் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தோம். மாடுகள் குளத்தடிக்குத் திரும்பிப் போய்ப் படுத்தன. ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வெயில் தாழ்ந்ததும் கறுப்புகள் ஒவ்வொன்றாக எழும்பி, பள்ளத்தில் பச்சை மிச்சமிருந்த வேலியோரத்தை நோக்கி நடந்தன. சிவப்பன் அவற்றைப் பார்த்தபடி படுத்திருந்தது. பிறகு எழும்பியது. பத்துக் காலடி வைத்து நின்றது. மறுபடி வைத்தது. கறுப்புகள் வேலியோரத்தில் தலை குனிந்து மேயத் தொடங்கியபோது அது பாதி வழியில் நின்றது. நின்ற இடத்திலேயே காய்ந்த புல்லை இழுத்தது.

ஏழு கிழமையாக நான் எழுதி வந்தது அதன் காலைப் பற்றியே அல்ல, பசியைப் பற்றி.

"கடைசில போகுது" என்றார் அந்தப் பெண்.

"ஓம்."

"அப்ப ஆகாது."

"இப்ப ஆகாது."

அப்போதுதான் பார்லி விஷயத்தை முழுதாகச் சொன்னேன். மச்சான் இடைமறித்து, பிழை தன்னுடையது என்றான். விடிய அது பிந்தி வந்ததைக் கண்டும் எழுதி வைத்துவிட்டுப் போனவன் நான் என்றேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நோன்பு மாசத்துல நாம எல்லாம் பட்டினி. அது மட்டும் மூணு வேளையா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஊருக்குப் போன் போட்டு, செவப்பு மாடு, வெள்ள மூஞ்சின்னு எங்கம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், காக்கா. என் பேர்ல கொடுக்குறேன்னு சொல்லிட்டேன்."

வேறு மாடு பார்க்கிறேன் என்றேன்.

அடுத்த இரண்டு கிழமையில் மூன்று சந்தைகளுக்கும் எட்டுப் பண்ணைகளுக்கும் போனோம். வறட்சியில் எல்லாரும் மாடு விற்றார்கள், மாட்டுக்குக் குறைவில்லை. இரண்டு வயதான மாடுகளின் காதில் வெட்டு இருந்தது. காது முழுதாக இருந்தவற்றின் வாயைத் திறந்தால் இரண்டு வயதில் வரும் பெரிய பல் முளைத்திருக்கவில்லை, வயதைக் காட்டும் பதிவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்த ஒன்றுக்கு ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது, அதுவும் ஆகாது. காது டாக்டர் என்று பெயர் வைத்த தரகர் தானே நாலு பேரை அழைத்துக் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் கிடைக்கவில்லை. சிவப்பன் அப்போதும் கறுப்புகளுக்குப் பின்னால்தான் போனது. குளம்பு புதிதாக வளர மாதங்கள் ஆகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து பேசினோம்: நான், மனைவி, தங்கை, மச்சான். செய்யக்கூடியது ஒன்றுதான். பெரிய கறுப்பில் எங்கள் ஏழு பங்குகளையும் எடுத்து, அந்த ஏழு குடும்பங்களுக்கும் கொடுப்பது.

"என்ர மூண்டும் போகட்டும்" என்றான் மச்சான். "போட்டது நான். உன்ர நாலும் ஏன்?"

"மூண்டு பங்கை எடுத்து ஏழு பேருக்குக் குடுக்கிறதெப்படி?" என்றாள் தங்கை. "கணக்குத் தெரியாமத்தானே மாட்டுக்கும் போட்டீங்கள்."

மனைவி மட்டும் பிள்ளைகளின் பெயரை எடுக்க வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. எழும்பிப் போய்த் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தாள்.

மற்ற ஆறு குடும்பங்களுக்கும் தொலைபேசியில் சொன்னேன். ஒருவர், இதற்குப் போய் அழைத்தீர்களா என்றார். அந்தப் பெண்ணிடம் வேலை இடத்தில் நேரே சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"உங்க பிள்ளைங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுறீங்களா?"

"ஓம்."

"நான் கேக்கலையே."

"நீங்கள் கேக்கேல்ல."

துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தார். "அந்தக் கருப்பன் எப்படி, நல்லா நடப்பானா?"

"வாளி இல்லாம மூண்டு நாள் பாத்தனான். முன்னுக்குப் போறான்."

"சரி, காக்கா" என்றார். அம்மாவிடம் என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

பெருநாள் கோடையின் நடுவில் வந்தது. லொறி வந்து மூன்று கறுப்புகளையும் அனுமதி பெற்ற அறுப்பகத்துக்கு ஏற்றிப் போனது. சிவப்பன் வேலியோரம் நின்று இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் நிறுத்திவிட்டது. அடுத்த வருடம் வரை வைத்திருக்கப் புல் இல்லாததால், இலையுதிர் காலத்தில் நடை சீரான பிறகு அதைச் சந்தையில் விற்றோம்.

அறுத்த மறுநாள் காலை நானும் மச்சானும் இறைச்சியை எடுத்து வந்து, ஐஸ் பெட்டிகளில் இருபத்தொரு பங்குகளாகப் பிரித்து, வெஸ்ட்மீடிலும் டூங்கபியிலும் வீடு வீடாகக் கொடுத்தோம். ஒவ்வொரு வாசலிலும் பெயரைச் சரிபார்த்துக் கொடுத்தேன். அந்தப் பெண் வேலையில் இருந்ததால் அவருடைய மூத்த பிள்ளை கதவைத் திறந்து, 'தாங்க் யூ அங்கிள்' என்று வாங்கிக்கொண்டது. பின்னேரம் நாலு மணிக்கு வீடு திரும்பிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். குர்பான் இறைச்சி இல்லாத பெருநாள் எங்கள் வீட்டில் அதுதான் முதல். மனைவி கோழி சமைத்திருந்தாள்.

ஆறு மணியளவில் வாசல் மணி அடித்தது. அந்தப் பெண் வேலை உடுப்போடு நின்றார், பிள்ளைகள் இரண்டும் பின்னால். கையில் ஒரு பொதி, வெள்ளைத் துணியில் கட்டியது.

"மூணுல ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு இல்லாதவங்களுக்கு, ஒண்ணு தெரிஞ்சவங்களுக்கு" என்றார். "இது உங்களுக்கு. இந்த வருஷம் உங்க வீட்டுல குர்பான் இல்லல்ல."

இதை அவர் இரக்கமாகவும் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. பெருநாளில் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அத்தனை வருடமும் இறைச்சிப் பொதியோடு மற்றவர்களின் வாசலில் நின்று சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். வாங்குகிறவர் சொல்ல வேண்டியது எதுவும் அந்த நேரம் வரவில்லை. கையை நீட்டாமல் நின்றேன்.

"பிடிங்க, காக்கா. கனமா இருக்கு."

பிடித்தேன். நிறை ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன். மனைவி உள்ளே இருந்து வந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் காலணியைக் கழற்றிவிட்டு என்னைக் கடந்து போயின. பொதியைக் குசினிக்குக் கொண்டுபோய், அவிழ்த்து, கழுவுவதற்காகத் தண்ணீரைத் திறந்தேன்.